நீலாவதியின் மங்களப் பொருள்

நீலாவதியை ராமநாதபுரத்துக்காரர் என்று தீவு ஊரான பாம்பூஃப்ளாட்டில் சொல்வார்கள். அது சரியல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம் அவருடையது. பிறந்ததும் கச்சாலில்தான். சுனாமிக்குப் பிறகு இங்கே வந்து, படகுத்துறை மாரியம்மன் கோயிலை ஒட்டி மீன் கூடை வைத்தார். பக்கத்துக் கூடை சம்சாத் என்ற முஸ்லிம் பெண்ணுடையது. ஆடியில் அம்மனுக்குப் படைக்கும் குழம்புக்குக் கருவாடு இந்த இருவரிடமிருந்தே போயிற்று. அம்மன் குறை சொன்னதாகத் தகவல் இல்லை.

மெயின்லேண்ட் என்று தீவுக்காரர்கள் சொல்லும் பெருநிலத்தில் அரசியலும் பக்தியும் ஒரே மேடையில் ஏறிய பின், அம்மனுடைய கொள்கையும் மாற்றப்பட்டது. கோயிலுக்குப் புதிய கமிட்டி வந்தது. தலைவர் மண்டல் பாபு, வங்காளி, கட்சிக்காரர். மெயின்லேண்டின் பெரிய கும்பாபிஷேகத்தன்று கட்சி உத்தரவுப்படி தீவில் எங்கும் மீன் விற்கக் கூடாது, கோயில் பக்கத்தில் அன்று முதல் என்றைக்குமே கூடாது என்று அறிவித்தார். இரண்டு கூடைகளுக்கும் மரக்கடைக்குப் பின்னால் இடம் காட்டினார்கள். படகிலிருந்து இறங்குகிறவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. அங்கே போனால் பிழைப்பு முடிந்தது.

அதே நாளில் தம் மகனுக்கு முகூர்த்தம் குறித்ததில் மண்டல் பாபுவுக்குப் பெருமை. வங்காளி வழக்கப்படி முழு ரோகு மீனுக்குச் சேலை சுற்றி, மூக்குத்தி மாட்டி, குங்குமம் வைத்துப் பெண் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அன்று காலையில்தான் நினைவுக்கு வந்தது. பெண் வீடு கடலுக்கு அக்கரையில், லம்பா லைனில். அங்குள்ள பெரிய சந்தையான அபர்டீன் பஜாரில்கூட மீன் இல்லை. உத்தரவை அவ்வளவு ஒழுங்காக மதித்திருந்தார்கள். அவர் நீலாவதி வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். பேச்சு பாதி ஹிந்தி, பாதி தமிழ்.

“ஒரு ரோகு வேணும், நீலாவதி.”

“இன்னைக்கு பந்த், பாபு. நீங்கதானே சொன்னீங்க.”

“அரே, அது திங்கிற மீன். இது சுப சாமான். லட்சுமி மாதிரி.”

“அப்போ நானும் மீன் விக்கலை, மங்களப் பொருள் விக்கிறேன். கோயில் பக்கத்துலயே இருந்துக்கிறேன்.”

மண்டல் பாபு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “டீக் ஹை. நீ ஹிந்து, பரவாயில்லை. நீ மட்டும்.”

“சம்சாத்தும்.”

“அவ எப்படி மங்களப் பொருள் விப்பா? கமிட்டி என்னைக் கேக்காதா?”

“ரோகு அவ ஐஸ் பெட்டியில இருக்கு, பாபு.”

கமிட்டியின் முத்திரை அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. மங்களப் பொருள் விற்க இருவருக்கும் அங்கேயே அனுமதி வழங்கினார். சம்சாத் மீனுக்குச் சேலை கட்டிவிட்டார்; கொசுவம் நன்றாக வந்திருந்தது. அக்கரைச் சாத்தம் துறைக்குப் போகும் படகில், கும்பாபிஷேகக் கொடி பிடித்த தொண்டர்கள் எழுந்து மீன் தாம்பாளத்துக்கு இடம் விட்டார்கள்.

அடுத்த வாரம் மண்டல் பாபுவின் மனைவி கோயில் பக்கம் மத்தி வாங்க வந்தார். விலையைக் குறைக்கச் சொன்னார்.

“மங்களப் பொருள், பாபி,” என்றார் சம்சாத். “இதுக்கெல்லாம் பேரம் பேசக் கூடாது.”