ஒரு சொல்லை விழுங்கும் கட்டைவிரல்

'தடி' என்ற சொல் வருவதற்கு அரை நொடி முன்பே மைக் அண்ணனின் கட்டைவிரல் ஒலியைத் தாழ்த்திவிடும்; சொல் கடந்ததும் உயர்த்திவிடும். "தடி உங்களது, முதுகு எங்களது" என்னும் அந்த ராப் பாட்டில் அச்சொல் பதினோரு முறை வருகிறது. பதினோரு முறையும் விரல் தவறியதில்லை.

ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர், வயது ஐம்பத்திரண்டு. சத்தத்தால் பிழைக்கும் இம்மனிதரின் இரு காதுகளிலும் எப்போதும் பஞ்சு இருக்கும். ஒலிவாங்கியைச் சோதிக்க "ஒண்ணு, ரெண்டு" என்பார். மூன்றை வீண்செலவாகக் கருதுகிறார்.

காவல் நிலையத்தில் நண்பன் அடிபட்டதைக் கண்ட இளைஞன் ஒருவன் எழுதிய பாட்டு அது. வெளிவந்த புதிதில் அதை ஒலிபரப்பியதற்காக அண்ணனின் பெட்டிகள் இருபது நாள் நிலையத்தின் விருந்தினராக இருந்தன. பிறகு அந்தக் கோபத்துக்கு நல்ல காலம் பிறந்தது. பற்பசை விளம்பரத்தில் வந்தது; திரைப்படமொன்றில் போலீஸ் கதாநாயகன் ஜீப்பிலிருந்து குதிக்கையில் முழங்கியது. முதுகைப் பற்றிய பாட்டு இப்போது இடுப்பை அசைக்கப் பயன்படுகிறது.

"பல்லு விளக்குறவனெல்லாம் பாடுறான். உங்களுக்கு மட்டும் என்னங்க பயம்?" என்பார் மனைவி.

"பல்லு விளக்க லைசென்ஸ் வேணாம்டி."

அந்த உரிமத்தில் ஆண்டுதோறும் கையெழுத்திடுபவர் இன்ஸ்பெக்டர். இவ்வாண்டுப் படிவம் இரண்டு மாதமாக ஒப்பமின்றி அண்ணனின் சட்டைப்பையில் கிடந்தது. திங்கட்கிழமைக்குள் கையெழுத்து விழாவிட்டால் தொழிலை மூட வேண்டியதுதான். அதற்கு முந்திய சனிக்கிழமை காலை, காவலர் குடும்ப விழாவுக்கு வரும்படி அழைப்பு வந்தது. அழைப்பு என்பது மரியாதைச் சொல்.

விழாவில் அந்தப் பாட்டைக் கேட்டவரே இன்ஸ்பெக்டர்தான். காவலர்கள் வட்டமிட்டு ஆடினர். கட்டைவிரல் தன் கடமையைச் செய்தது. விழுந்த இடைவெளியை நாற்பது காக்கித் தொண்டைகள் நிரப்பின: "தடி!"

இன்ஸ்பெக்டர் வியர்வையோடு அண்ணனின் ஒலிப்பெட்டி இருந்த மேசைக்கு வந்தார். "என்னய்யா, நல்ல எடத்துல எல்லாம் முழுங்குற? ஏத்துய்யா!"

ஏற்றினால், நாளை மேலதிகாரி யாரேனும் காணொளியைப் பார்த்துவிட்டு, "யார் போட்டது?" என்பார். ஏற்றாவிட்டால் படிவம் உறங்கும். அண்ணன் மெல்ல எழுந்தார்.

"ஐயா கையால ஏத்துனாத்தான் மரியாதை. அப்படியே இதுலயும் ஒண்ணு போட்டுட்டீங்கன்னா…"

வட்டத்துக்குத் திரும்பும் அவசரத்தில் இன்ஸ்பெக்டர் ஒலிப்பெட்டியின் மீதே வைத்துக் கையெழுத்திட்டார்; ஒலியை உச்சிவரை தள்ளினார். மைக் அண்ணன் இரண்டடி பின்வாங்கி, படமெடுக்கும் கைப்பேசிகள் அனைத்துக்கும் தெரியும்படி இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டார்.