வேட்டியை இறக்காமல் ஒரு கால் ஸ்கேன்

என் வீட்டுக்காரருக்கு மளிகைக் கடையில் நின்று நின்றே காலில் நரம்புச் சுருட்டு வந்துவிட்டது. கணுக்கால் புண் இப்போதுதான் ஆறியிருக்கிறது. இறுக்கமான சாக்ஸ் போடாவிட்டால் திரும்ப வருமாம். கடையில் விற்பது எதுவும் அவர் காலுக்குப் பொருந்தவில்லை.

அதனால் இன்று தூத்துக்குடியில் ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரியில் ஸ்கேன். மேடையில் நின்றால் கேமரா சுற்றிவந்து காலை அளக்கும். அந்த அளவுக்குச் சாக்ஸ் செய்து தருவார்கள்.

வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி நின்றார்.

"அண்ணாச்சி, அசையக் கூடாது" என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண்.

கேமரா பாதி சுற்றும்போது, அங்கே வைத்தியத்துக்கு வந்திருந்த அவருடைய பழைய ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்தார். இவர் சட்டென்று வேட்டியை இறக்கிவிட்டு, "வாங்க சார்" என்றார்.

திரையில் காலுக்குப் பதில் ஒரு தண்ணீர் டிரம் நின்றது.

மறுபடி ஆரம்பித்தோம். டாக்டர் உள்ளே வந்தார். மறுபடியும் டிரம்.

கதவைப் பூட்டிவிட்டு மூன்றாவது முறை எடுத்தோம். அப்போதும் டிரம்!

"இப்ப யாரு வந்தா?" என்று கத்தினேன்.

சுவரில் மாலை போட்டிருந்த டாக்டரின் அப்பா படத்தை இவர் காட்டினார். "பெரிய டாக்டர் பாத்துக்கிட்டு இருக்காருல்லா. அவரு முன்னால எப்படிளா மடிச்சுக் கட்டிக்கிட்டு நிக்க?"

படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த பிறகுதான் அளவு கிடைத்தது.

சாக்ஸைத் தினமும் காலையில் வேட்டியை மடித்துக் கட்டித்தான் மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லா அறையிலும் அவர் அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் மாலையோடு தொங்குகிறார்கள்.

யார் வீட்டிலாவது படம் இல்லாத சுவர் இருந்தால் சொல்லுங்கள், காலையில் இவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.