கெண்டி தேய்த்த மருமகள்

சீனாவில் குடியரசு வந்த மூன்றாம் ஆண்டு, பீனிக்ஸ் மலையில் தேயிலை பறிக்கும் குடும்பத்திலிருந்து சாவோசோ நகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஹுவே லெங்குக்குப் பதினேழு வயது. மாமனார் கோ புன் லியாங் ஆலிவ் ஊறுகாய்க் கடை வைத்திருந்தார். கடையைவிட அவருக்குப் பெருமை தன் தேநீர்த் தட்டுதான். உள்ளங்கையில் அடங்கும் சிவப்பு மண் கெண்டி ஒன்று, பாதி எலுமிச்சை அளவில் கோப்பைகள் மூன்று. எத்தனை பேர் வந்தாலும் கோப்பை மூன்றுதான். முறை வைத்துக் குடிப்பார்கள். அவருடைய அப்பா காலத்திலிருந்து நாற்பது வருஷத்துக் கறை கெண்டிக்குள் கருப்பாகப் படிந்திருந்தது. இலையே போடாமல் வெந்நீர் ஊற்றினாலும் மணக்கும் என்பார்.

ஹுவே லெங்கின் ஊரில் மூடி போட்ட கிண்ணத்தில்தான் தேநீர் போடுவார்கள். கறைக்கு மதிப்பு உண்டென்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வந்த இரண்டாம் மாதம் நாத்தனார் கிம் செக் அடுப்படியில் அவளருகே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, அப்பாவோட கெண்டிக்குள்ள பாத்தீங்களா? ஒரே அழுக்கு. எங்கம்மா போனப்புறம் தேய்க்க ஆளே இல்ல. மணல் போட்டுத் தேய்ச்சு வையுங்க, அப்பா உருகிப் போயிடுவாரு."

காலை முழுக்கத் தேய்த்தாள். மதியம் சாப்பிட வந்த மாமனார் மூடியைத் திறந்து பார்த்தார். கத்தவில்லை.

"தேய்ச்ச தண்ணி எங்க?"

வாளியைக் காட்டினாள்.

"அதுல எங்கப்பா இருக்காரு. சாக்கடையில கொட்ட முடியாது. குடி."

அவள் கணவன் சியாக் ஹோங்கைப் பார்த்தாள். அவன் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிம் செக்தான் மாமா சொன்னா..."

"நானா? ஐயோ அண்ணி, பழிய எம்மேல போடாதீங்க!"

குடித்தாள். பல்லில் மணல் நறநறத்தது. பாதியில் குமட்டியது. "மெதுவா குடி. அவசரமில்ல" என்றார் மாமனார். அவள் அடி வண்டல்வரை குடித்த பிறகே அவர் எழுந்து கை கழுவினார்.

அதன் பிறகு தேநீர் குடிக்கும் கூடத்தில் தண்ணீர் கொதிக்க வைப்பது அவள் வேலை. ஆலிவ் கொட்டைக் கரியை ஊதி, தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நிற்பாள். வருகிறவர்களுக்கெல்லாம் கோப்பையோடு கதையும் பரிமாறப்பட்டது. "இதோ நிக்கிறா பாருங்க, எங்க வீட்டுச் சுரண்டி!" சியாக் ஹோங்கும் சேர்ந்து சிரிப்பான். தெருவிலும் அதுவே அவள் பெயராயிற்று. மகள் பெக் இம் பேசத் தொடங்கிய வயதில் ஒருநாள், "சுரண்டி, சோறு" என்று கேட்டாள். ஒருவரும் ஒருமுறைகூட அவளைப் பார்த்து 'நீயும் குடி' என்று சொல்லவில்லை.

பதினெட்டு வருஷம் கழிந்தது. ஒரு புத்தாண்டுக்கு கிம் செக் பிறந்தகம் வந்திருந்தாள். உடம்பு பெருத்து, கையில் ஜேட் வளையல். தேநீரின் மூன்றாவது சுற்றில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பா, இப்ப சொன்னா திட்ட மாட்டீங்களே? கெண்டியத் தேய்க்கச் சொன்னது நாந்தான்! மக்கு, அப்படியே நம்பிட்டா!"

கிழவரும் சிரித்தார். "அன்னிக்கே தெரியும்டி. உன் மூஞ்சியப் பாத்தா தெரியாதா?"

"அப்புறம் ஏன் மாமா?" வெந்நீர்க் கெட்டிலைக் கையில் பிடித்தபடி ஹுவே லெங் கேட்டாள்.

"வந்த மருமக பயத்தோட இருக்கணும்ல."

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். தட்டிலிருந்த மூன்று கோப்பைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் குடித்தாள்.

"பீனிக்ஸ் மலை மரத்து இலைன்னு பெருமையடிக்கிறீங்களே மாமா. இது ஆத்தங்கரை வயல்ல வெளைஞ்சது, பூவோட போட்டு வாசனை ஏத்தினது. நான் வந்த முதல் நாளே மோந்து பாத்தேன். விக்கிறவனுக்குத் தெரியும். உங்க சிநேகிதங்களுக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

உண்மையைத்தான் சொன்னாள். கிழவர் கைநீட்டி அடித்தார். ஆனால் மறுநாளே வேறு கடையிலிருந்து இலை வாங்கி வந்து அவள் முன் வைத்தார்.

"இது?"

"இல்ல."

அடுத்த கடை. "இல்ல." ஸ்வாடோ துறைமுகத்திலிருந்து தகர டப்பாவில் வந்தது. "இல்ல." அவற்றில் சில அசல்தான். முகர்ந்த உடனே அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் இல்லை என்பாள். சிநேகிதர்கள் எதிரில் இருக்கும்போதே அவர் பாதிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கலானார். பிறகு யாரையும் அழைப்பதில்லை. இரண்டு வருஷத்தில் படுக்கையில் விழுந்தார்.

கடைசியில் சியாக் ஹோங் மலைக்கே ஆள் அனுப்பி ஒரு பொட்டலம் வரவழைத்தான். பிரித்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. அவள் அண்ணன் பறிக்கும் மேல்சரிவு மரத்து இலை. பெக் இம் கால்மாட்டில் நின்றிருக்க, கிழவர் ஹுவே லெங்கின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதாவது... சொல்லு தாயே."

"வயல் இலை மாமா."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து வெந்நீர்கூடக் கேட்கவில்லை. நான்காம் நாள் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்த பிறகு, அடுப்படியில் அம்மா தனியே அந்த இலையைக் கிண்ணத்தில் போட்டுக் குடிப்பதை பெக் இம் பார்த்தாள். வாசனை வீடெல்லாம் பரவியிருந்தது.

"நல்ல இலையாம்மா?"

"ரொம்ப நல்லது. வா, குடி."

பெக் இம் வரவில்லை. தண்ணீர்க் குடத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.