கேட்டுக்கு வெளியே நின்று சொன்ன மந்திரம்

அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் கம்பி தூக்கும் ஆளாகச் சேர்ந்து, பிறகு டிரில்லராகி, சொந்தமாக வண்டி வாங்கி, ராஜஸ்தானிலிருந்து ஒடிசா வரைக்கும் போர் போட்டேன். எந்த ஊர்ப் பாஷையும் தெரியாது. எல்லா ஊரிலும் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். மகனைப் படிக்க வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினேன். எங்கள் தெருவில் முதல் மாடி வீடு என்னுடையது. இதில் எதையும் யாரும் எனக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. அப்படிப்பட்டவன்தான் போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, திருச்செங்கோட்டுப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் சிவன் கோயில் கேட்டுக்கு வெளியே, கையில் பாதி எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால் எனக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. ஒன்பது செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போடுவதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். மத்தியானமே பழத்தை அரிந்து சாறு பிழிவாள். மூடியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பும்போது வாய் தானாக மந்திரம் சொல்லும். பிழிந்த சாற்றில் தண்ணீர் கலந்து என் பக்கம் நகர்த்திவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புவாள். ஒன்பது வாரத்தில் பாதி முடிந்திருந்தது. காய்ச்சல் என்று படுத்தாள். நான்காம் நாள் போய்விட்டாள். ஆபரேஷன் ஆனவன் நான் இருக்கிறேன்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு வீட்டில் நான் மட்டும். நான்கு படுக்கையறை கட்டினேன், ஒன்றில்தான் விளக்கு எரிகிறது. முதல் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நானே பழத்தை அரிந்தேன். நல்லதாகப் பார்த்து, பெரிய, தடித்தோல் பழமாக வாங்கியிருந்தேன். திருப்பினால் எல்லாம் கிழிந்தது. கடைசியில் ஒன்று தேறியது. சாற்றை நானே கலக்கி நானே குடித்தேன்.

பாதிக் குழியில் வண்டியை எடுத்துக்கொண்டு வந்த வழக்கம் என் தொழிலில் கிடையாது. அவள் விட்ட விளக்கை நான் போட்டு முடிப்பதென்று கிளம்பினேன். ஆனால் எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு: வீட்டில் சாவு விழுந்தால் வருடம் திரும்பும்வரை கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. பங்காளிகள் அதையே சொன்னார்கள். வருடம் திரும்பும்வரை நான் இருப்பேன் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லையே. கோயிலின் வடக்குப் பக்கம் ஒரு கம்பிக் கேட்டு இருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் சுவரிலிருக்கும் துர்க்கை நேராகத் தெரியும். அங்கே போய் நின்றேன். ஏற்றினால் காற்று அணைக்கிறது. மறுபடி ஏற்றினால் மறுபடி அணைகிறது.

உள்ளே விளக்கு வரிசையில் இருந்த ஒரு பெண் பார்த்துவிட்டாள். என் மனைவிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். உறவில் எனக்கு மருமகள் முறை.

"ஏனுங்க மாமா, அங்க நின்னு போர் போட எடம் பாத்துட்டு இருக்கறீங்களா?" என்றாள். வரிசையே சிரித்தது. பிறகு என் கையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து வந்து, "கொண்டாங்க, அத்தை எடத்துல வெக்கறேன்" என்று கம்பி வழியாகக் கை நீட்டினாள்.

உள்ளேயிருந்து ஒரு பெரியம்மா, "தீட்டுக்காரங்க வெளக்க உள்ள கொண்டாராத சாமி" என்றது.

இவள் திரும்பினாள். "தீட்டே அத்தை போனதாலதானுங்க. வேண்டிக்கிட்டதும் அத்தைதான். அவிய வெளக்கு அவியளுக்கே ஆகாதுங்களா?"

வரிசையில் என் மனைவி உட்கார்ந்த இடம் இன்னும் காலியாகவே இருந்தது. விளக்கு அங்கே போய் அமர்ந்தது.

"மந்திரத்த நீங்கதான் சொல்லோணும் மாமா. அத நான் சொல்ல முடியாது."

"எனக்குத் தெரியாதே."

"ஓம் தும் துர்காயை நம. அந்தத் தும்மை வாய்க்குள்ள முழுங்காதீங்க. அடிவயித்துல இருந்து வரோணும்."

"அர்த்தம் தெரியாம நான் எதையும் சொன்னதில்ல சாமி."

"கடக்க முடியாத கஷ்டத்துல இருந்து கடத்தி உடறவளுக்குக் கும்புடுன்னு குருக்கள் சொன்னாருங்க."

"எந்தக் கஷ்டத்தையும் நானே கடந்தவனாச்சே" என்றேன்.

"அப்பறம் எதுக்கு மாமா கேட்டுக்கு அந்தப் பக்கமே நிக்கறீங்க?"

மந்திரத்தைச் சொன்னேன். கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை, மெதுவாக வராது. புறா எல்லாம் பறந்தன. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை. பொருளை நினைத்துச் சொல்லச் சொல்ல ஒன்று மட்டும் புரிந்தது. பாறையைத் துளைத்துக் கடந்துவிடலாம். பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இல்லாத வீட்டை எந்த டிரில் பிட் போட்டுத் துளைப்பது? அவள் இந்த வார்த்தையைப் பழம் திருப்பும்போதெல்லாம் எனக்காகச் சொல்லியிருக்கிறாள். எனக்காகச் சொல்ல இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.

வாரா வாரம் போனேன். பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒரு வாரம் மழையில் தாமதமாகிப் போனபோது, "மாமன் கொரல் வரட்டும், அப்பறம் ஏத்தலாம்" என்று அந்தப் பெண் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் பத்து வேண்டுதல் செய்யலாம் என்றிருந்தது.

ஒன்பதாவது செவ்வாயும் முடிந்தது. அடுத்த செவ்வாய் மூன்று மணிக்கு வெள்ளை வேட்டி கட்டி ஹாலில் உட்கார்ந்திருந்தேன். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தேன். காலி ஹால் அதை எனக்கே திருப்பிச் சொன்னது. அன்றிலிருந்து தினமும் சொல்கிறேன்.

மாசியில் இருதயத்தைச் சோதித்த டாக்டர் நன்றாக இருக்கிறது என்றார். மகனிடம் போனில் சொன்னேன். "அம்மா வேண்டுதல் பலிச்சிருச்சுங்கப்பா" என்றான். ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நல்லது, நான் மறுக்கவில்லை. ஆனால் பாதி விளக்கை அவள் போட்டாள், மீதி விளக்கைப் போட்டவன் நான். இதைச் சொல்கிறவர்கள் என் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் வருவதற்கு இனி எனக்கு வேறு இடம் இல்லை.