கேசட்டைக் கெடுத்தவள்

விஜயகுமாரியை அவள் சொந்தக்காரர்கள் அறிமுகப்படுத்துவதற்கு ஒரே ஒரு வழிதான் வைத்திருந்தார்கள். மாமல்லபுரத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் அறுபது அறைகளுக்கும் விரிப்பும் துண்டும் அவள் பொறுப்பு, இருபது பேர் அவள் சொல் கேட்டு வேலை செய்கிறார்கள், புருஷன் ரவிச்சந்திரன் வேன் விபத்தில் படுத்துக்கிடந்த இரண்டு வருஷமும் குடும்பத்தைத் தனியாளாகத் தாங்கினாள் என்பதெல்லாம் யாருக்கும் ஞாபகம் வராது. பிறந்த ஊரான கருங்குழியில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் வேண்டா பெரியம்மா அவள் கன்னத்தைத் தட்டி, "இவதான கேசட்ட கெடுத்தவ?" என்பாள். நாற்பத்தொன்பது வயசுப் பெண்ணைப் பார்த்து! கூட்டம் சிரிக்கும். அவளும் சிரித்து வைப்பாள்.

அந்தக் கதை 1988ஆம் வருஷத்துக் கதை. அப்பா காசிநாதன் அப்போது செங்கல்பட்டில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் எழுத்தர். அந்தக் குடும்பத்தில் ஏர் பிடிக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள், தெருவில் முதலில் டிவி வாங்கியவரும் அவர்தான். நாகஸ்வரம் என்றால் உயிரை விடுவார். டிவியில் கச்சேரியை நேரடியாகக் காட்டினால் அதைக் கேசட்டில் பிடித்து வைப்பார்.

பிடிப்பது லேசான காரியம் இல்லை. டிவிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் டேப்ரிக்கார்டரை வைத்து, சிவப்புப் பொத்தானைப் பக்கத்துப் பொத்தானோடு சேர்த்து அமுக்குவார். அதற்கு முன்பே ஃபேனை நிறுத்தியாக வேண்டும். அடுப்பில் குக்கர் இருக்கக் கூடாது. இருமல் வந்தால் கொல்லைக்கு ஓடிவிட வேண்டும். அவர் கேசட்டைத் திருப்பிப் போடும்போதுதான் பெண்டாட்டி பிள்ளைகள் தாராளமாக மூச்சு விடுவார்கள். அவர் மட்டும் வயர் பின்னிய இரும்பு நாற்காலியில் மகாராஜா கணக்காகச் சாய்ந்திருப்பார்.

அந்த மார்கழியில் ஒரு பெரிய வித்துவானின் கச்சேரி கிடைத்தது. அடுத்த ஞாயிறு ஆபீஸ் நண்பர்களைக் கூப்பிட்டு, காபி கொடுத்து, பெருமையாகப் போட்டுக் காட்டினார். தவில் மட்டும் தனியாக வாசிக்கிற கட்டம் வந்தது. டேப்புக்குள் யாரோ எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. சரியாகத் தட்டியிருந்தாலாவது பரவாயில்லை. நாலு தட்டு ஒழுங்காக வந்தால் ஐந்தாவது பின்தங்கியது, பிறகு பிடிக்க ஓடியது, தாண்டியும் போனது. தலைமை எழுத்தர் முனிசாமிக்குத் தாளத்தில் நல்ல ஞானம். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "யாருய்யா அது? தவிலு ஒரு பக்கம் போவுது, இந்த ஆளு ஒரு பக்கம் போறாரு!"

காசிநாதன் அறையைச் சுற்றிப் பார்த்தார். கதவோரம் காபித் தட்டோடு பன்னிரண்டு வயசு மகள் நின்றிருந்தாள். "எல்லாம் இந்தக் கழுததான்" என்று எழுந்து வந்து பளாரென்று ஒன்று விட்டார். டம்ளர்கள் உருண்டன.

அந்த அடியோடு போயிருந்தால் அவளும் மறந்திருப்பாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்து ரெஜினா டீச்சரிடம் சனிக்கிழமைதோறும் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். இனிமேல் போகக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். டீச்சர் வீடு தேடி வந்தார்.

"இந்தப் பொண்ணுக்குத் தாளம் ரத்தத்துலயே ஓடுது சார். நிறுத்திடாதீங்க."

"அது ஓடுற லட்சணத்த எங்க ஆபீஸே கேட்டுச்சு டீச்சர்" என்றார் அவர்.

அத்தோடு பாட்டு முடிந்தது. இதில் பெரிய கொடுமை, அவளே அதை நம்பியதுதான். தன்னை அறியாமல் தட்டியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் எங்கே பாட்டுக் கேட்டாலும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காரப் பழகினாள்.

போன மாதம், அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்காகக் கருங்குழி வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின் இறங்கியது. உள்ளே பதினேழு கேசட்டுகள். ஒன்றின் மேல் மட்டும் சிவப்பு மையில் 'கெட்டது' என்று எழுதியிருந்தது. அண்ணன் ஜெகதீசனுக்குக் குஷி தாங்கவில்லை.

"குமாரி, இத பென் டிரைவ்ல ஏத்திகினு வா. பொறந்தநாளுக்குப் போட்டு வுடலாம். செம காமெடியா இருக்கும்."

செங்கல்பட்டில் பழைய கேசட்டுகளை மாற்றிக் கொடுக்கும் பிரவின்குமார் என்பவர், கரகரப்பை நீக்கிப் பென் டிரைவில் ஏற்றியதோடு அவள் போனுக்கும் அனுப்பிவைத்தார். மதியச் சாப்பாட்டு வேளையில், விரிப்புகள் அடுக்கிய அறையில் உட்கார்ந்து, அவள் இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டாள்.

இருபத்தைந்து வருஷமாக அவள் குடியிருப்பது சிற்பப் பட்டறைக்குப் பக்கத்து வீட்டில். விடிந்தால் உளிச் சத்தம்தான். கல்லில் விழும் அடி எது, இரும்பில் விழும் அடி எது, எந்த ஆள் இன்றைக்கு அவசரத்தில் இருக்கிறான் என்று சமையலறையிலிருந்தே சொல்லிவிடுவாள். அந்தக் காதுக்கு முதல் தட்டே போதுமாக இருந்தது. விரல் தட்டுகிற சத்தம் இல்லை அது. டிங். உலோகம் இரும்பில் படுகிற சத்தம். அந்த வீட்டில் மோதிரம் போட்ட கை ஒன்றுதான், அப்பாவின் வலது கை, ஐம்பொன் மோதிரம். இரும்புக் கைப்பிடி வைத்த நாற்காலியும் ஒன்றுதான்.

சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடினாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முப்பத்தேழு வருஷம்! தாளம் தெரியாத மனுஷன் தாளம் தெரிந்த பிள்ளையின் வாயை அடைத்துவிட்டு, தெருவெல்லாம் பெரிய ரசிகர் என்று பேர் வாங்கியிருக்கிறார். எல்லார் எதிரிலும் அடித்தாரே, எல்லார் எதிரிலும் தட்டியது தான்தான் என்று சொல்லட்டும். அவளுக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம்தான்.

பிறந்தநாளன்று வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். அதே இரும்பு நாற்காலியில் காசிநாதன் மாலையும் பொன்னாடையுமாக உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் கைத்தடியோடு முனிசாமி. ஜெகதீசன் மைக்கைப் பிடித்து, கேசட் கெட்ட கதையை அடி விழுந்தது வரை நடித்துக் காட்டிவிட்டுப் பாட்டைப் போட்டான். கூட்டம் சிரித்து அவளைத் திரும்பிப் பார்த்தது.

அவள் அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தவில் தொடங்கியது. தட்டுச் சத்தம் இன்னும் வரவில்லை. அதற்குள் கைப்பிடியில் இருந்த வலது கை மெல்ல நகர்ந்து பொன்னாடைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

அப்படியானால் அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

அவள் எழுந்து நேரே அவரிடம் போனாள். ஜெகதீசன் பாட்டை நிறுத்தினான்.

"கைய வெளிய எடு நைனா."

"இன்னாடி?"

"தட்டுனது யாருன்னு மைக்குல சொல்லு."

"குமாரி, பேஜாரு பண்ணாத" என்றான் ஜெகதீசன். "நைனாவுக்கு எண்பது வயசு."

"அன்னிக்கு எனக்குப் பன்னெண்டு வயசு."

காசிநாதன் குரலைத் தாழ்த்தினார். "முனிசாமி அப்டி சிரிச்சிட்டாரு. ஆபீஸ்காரங்க எதுர்ல நான் இன்னாடி பண்ணுவேன்?"

"அதுக்கு என் கன்னந்தான் கெடச்சுதா? சொல்லு."

மைக்கை அவர் வாய்க்கு நேரே பிடித்தாள். அவர் தொண்டையைச் செருமினார். "தாளம் தப்புனது நான்தான். எம் பொண்ணு இல்ல."

ஷாமியானாவே அதிரும்படி சிரிப்பும் கைதட்டலும். "பாத்தியா, பழிய தாம்மேல போட்டுகினாரு, பொண்ண வுட்டுக்குடுக்கிறாரா மனுசன்!" என்று வேண்டா பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காசிநாதன் கூட்டத்தைப் பார்த்தார். அவர் முகத்திலும் மெதுவாக ஒரு புன்னகை வந்தது. பெருந்தன்மைக்காரர் மாதிரி தலையை வேறு ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"யாரும் சிரிக்காதீங்க!" மைக் கிறீச்சிட்டது. "அண்ணா, தவில்லேர்ந்து மறுபடி போடு."

ஜெகதீசன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சு இல்லாமல் போட்டான். அவள் பொன்னாடையை உருவி ஓரமாக வைத்தாள். அவர் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். ஸ்பீக்கரில் டிங் என்றது. அவர் கையை இரும்புக் கைப்பிடியில் இறக்கி, மைக்கைப் பக்கத்தில் வைத்தாள். டிங். அதே சத்தம். இன்னொரு தடவை இறக்கினாள். அதே சத்தம்தான்.

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முனிசாமி கைத்தடியை ஊன்றி எழுந்து, அந்த மோதிரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காசிநாதன் தலை குனிந்திருந்தார்.

தவில் முடியும்வரை அவள் அவர் கையை விடவில்லை. தன் இன்னொரு கையால், அத்தனை பேர் பார்க்க, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு தட்டுகூடத் தப்பவில்லை.