ஐஸ் பெட்டிக்கு இரண்டு ஓட்டை

மலேசியாவின் கேமரன் மலையில் ஐஸ் பெட்டி வாங்கியவன் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்னைப் பார்த்து வெகுநாள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் தவறே இல்லை. காலையில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப்போகும் ஊர் அது. மிச்சக் குழம்பை ஜன்னலோரம் வைத்தாலே மறுநாள் வரை கெடாது. அந்த ஊரில், அதுவும் வீட்டுக்கு இல்லை, ஒரு பழைய வேனுக்குள் வைப்பதற்கு நான் ஐஸ் பெட்டி வாங்கினேன்.

எல்லாம் என் மனைவிக்காக. அவளுக்கு மலைப்பாதை ஆகாது. அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் ரோட்டில் பத்தாவது வளைவு வருவதற்குள் தலையைப் பிடித்துக்கொள்வாள், அடுத்த வளைவில் வாந்தி எடுக்கப் பையைத் தேடுவாள். அவளுடைய அம்மா மலைக்குக் கீழே பீடோரில் இறந்தபோது சேதி கேட்டதும் பஸ் ஏறினோம். பாதி வழியில் அவளால் நிமிரவே முடியவில்லை. ரோட்டோரம் இறக்கி உட்கார வைத்து, மேலே போன ஒரு லாரியைக் கைகாட்டி நிறுத்தி, வீட்டுக்கே திரும்பக் கூட்டி வந்துவிட்டேன். அம்மா முகத்தை அவள் கடைசியாகப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு வருடம் அவள் மலையை விட்டு இறங்கவே இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் பீடோரிலேயே இருக்கும் அவளுடைய அக்கா மகனுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"இதுக்கும் போகலன்னா எங்கக்கா மூஞ்சில முழிக்கவே முடியாதுங்க."

"நீ அழுவாத. நான் ஒரு வழி பண்றேன்லா" என்றேன். என் வாய் எப்போதும் கைக்கு முன்னால் ஓடும்.

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் பின்னால் நடந்ததற்கு நீங்கள் சரியாகச் சிரிக்க முடியும். தேயிலை பாக்டரியில் பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறி வைத்துக் காற்றடித்து வாட்டுவோம். அந்த விசிறிகளும், தொட்டிகள் இருக்கும் மாடியின் ஜன்னல்களும் என் பொறுப்பு. காற்று எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்ப்பதற்கே எனக்குச் சம்பளம். துரையின் விருந்தாளிகள் வந்தால் நான்தான் முன்னால் நடந்து விளக்கம் கொடுப்பேன். காற்று விஷயத்தில் இந்த மலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது.

வேன், பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு காய்கறி வியாபாரி ஓட்டி ஓய்ந்தது. எத்தனை முறை கழுவியும் முட்டைக்கோஸ் வாடை போகவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகைகளை அறுத்து, அவள் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி உள்ளே ஒரு கட்டில் அடித்தேன். தலைசுற்றல் வந்தால் குடிக்க ஜில்லென்று எலுமிச்சைச் சாறு வேண்டும், நெற்றியில் வைக்க ஐஸ் வேண்டும். அதற்காகத்தான் அந்த ஐஸ் பெட்டி. சீமைக்குத் திரும்பிப்போன பழைய துரை பங்களாவில் போட்டுவிட்டுப் போனதை விலை பேசி வாங்கினேன். கரண்டில் ஓடுவது அல்ல. பின்பக்கம் அடியில் கேஸில் ஒரு சின்ன நெருப்பு எரியும், அந்தச் சூட்டில் உள்ளே குளிரும். எப்படி என்று இன்றைக்கும் எனக்கு முழுதாக விளங்கவில்லை.

"குளுரு ஊருல, நெருப்பு வச்சு, ஐஸ் பண்ணப் போறீங்க" என்றார் கணக்கு எழுதும் எங்கள் ஆபீஸ் கிராணி. "உங்களுக்கு வேற வேலயே இல்லயாலா?"

இருந்தாலும் நல்ல மனிதர். பெட்டியோடு வந்த ஆங்கிலக் காகிதத்தைப் படித்துச் சொன்னார். பெட்டிக்குப் பின்னால் வேனின் பக்கத் தகரத்தில் இரண்டு ஓட்டை வெட்ட வேண்டும். கீழ் ஓட்டையில் நல்ல காற்று நுழையும், மேல் ஓட்டை வழியாகச் சூடும் புகையும் போகும். இரண்டையும் எக்காரணத்துக்கும் அடைக்கக் கூடாது.

"காத்தப் பத்தி எனக்கே சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஓட்டைகளை நன்றாகத்தான் வெட்டினேன். மழை அடிக்காதபடி தகரத்தில் சாய்வாகப் பட்டைகள் வைத்தேன். பெட்டி சாயாமல் இருக்க அடியில் கட்டை கொடுத்தேன். மறுநாள் கிண்ணத்தில் வைத்த தண்ணீர் உறைந்திருந்தது. அதைத் தட்டில் வைத்து, நாங்கள் குடியிருந்த லயத்தில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினேன் என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

பிறகு பனி இறங்கியது. மேல் ஓட்டை வழியாக உள்ளே வந்து மெத்தையை ஈரமாக்கிவிட்டது. எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வருடக் கடைசி மழை தொடங்குமுன் பழைய பேப்பரைக் கஞ்சியில் நனைத்து, வீட்டுச் சுவரில் இருக்கிற இடுக்கு, பொத்தல் எல்லாவற்றையும் அடைப்போம். எங்கே துளை தெரிந்தாலும் கை சும்மா இருக்காது. நானும் கஞ்சியும் பேப்பருமாகப் போய் மேல் ஓட்டையை அடைத்தேன். அதன்மேல் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஈயத் தாளை வைத்து ஆணியும் அடித்தேன். கீழே இன்னொரு ஓட்டை இருக்கிறதே, ஒரு சின்ன நெருப்புக்கு அது போதாதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விருந்தாளிகளுக்கு அத்தனை விளக்கம் கொடுத்தவன்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை கிளம்பினோம். அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, இரண்டு கம்பளி போர்த்தி, எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, ஐஸ் பெட்டியைப் பற்றவைத்தேன். ரிங்லெட் ஊரைத் தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. கீழே ஒரு வளைவில் காய்கறி லாரி ஒன்று சறுக்கிக் குறுக்கே நின்றுவிட்டதாம். தூறல் வேறு. அவள் தூங்கட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு நான் இறங்கினேன். நின்றிருந்த டிரைவர்களிடம் என் வேனைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். கட்டிலைச் சொன்னேன், ஐஸைச் சொன்னேன். ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். கேட்டவர்கள் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஒருவர் ஐஸைப் பார்க்க வேண்டும் என்றார். பெருமையோடு கதவைத் திறந்தேன். அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். தலையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"தல வெடிக்குதுங்க. குமட்டிக்கிட்டு வருது."

"வளைவு ஒனக்கு ஆகாதுதானே. எலுமிச்சச் சாறு இருக்கு, இரு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பேச்சு குழறி வந்தது.

"வண்டி அப்போவேருந்து நிக்குது. நிக்கிற வண்டியில ஏதுங்க வளைவு?"

இதற்கும் நான் பதில் வைத்திருந்தேன். வளைவின் சுற்றல் உடம்புக்குள்ளேயே கொஞ்ச நேரம் தங்கும் என்று, பாக்டரியில் விளக்கம் சொல்கிற அதே குரலில் ஆரம்பித்தேன். அவள் இறங்கக் காலை வைத்தாள். கால் மடங்கி, என் மேலேயே விழுந்தாள்.

அப்போதுதான் அவளுக்குப் பின்னால் பார்த்தேன். நீலமாக எரிய வேண்டிய நெருப்பு மஞ்சளாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. பலகையெல்லாம் கரி படிந்திருந்தது. புகை போக வழியில்லாமல் அத்தனையும் அவள் படுத்திருந்த இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. முட்டைக்கோஸ் வாடையில் வேறெதுவும் மூக்குக்குத் தெரியவில்லை. கேஸை அடைத்தேன். அந்த டிரைவரும் நானுமாக அவளைத் தூக்கிப்போய், தள்ளியிருந்த மதகுக் கட்டையில் உட்கார வைத்தோம். எனக்குப் பல் கிடுகிடுத்தது. குளிர் என்று அவரிடம் சொன்னேன். குளிர் இல்லை, பயம். இன்னும் கால் மணி நேரம் நான் பெருமை பேசியிருந்தால் அவள் பிணம்தான்.

வெகுநேரம் கழித்து அவள் முகம் தெளிந்தது. தண்ணீர் கேட்டாள்.

"வீட்டுக்குத் திரும்பிடலாம்மா" என்றேன்.

"நீங்க வேணும்னா திரும்புங்க. நான் நடந்தாச்சும் போவேன்."

அந்தக் கட்டிலில் இனிப் படுக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். லாரியை ஓரம் தள்ளி வழி விட்டார்கள். வண்டி நகர்ந்ததும், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், கண்ணாடியை முழுசாக இறக்கினாள். பனி உள்ளே வந்து என் மூக்கு ஒழுகியது. குற்றவாளி என்பதால் அதைத் துடைத்துக்கொண்டே ஓட்டினேன். தாப்பா வரை அத்தனை வளைவு. அவள் பையைத் தேடவே இல்லை. முகத்தைக் காற்றில் காட்டிக்கொண்டு, ஓடையையும் மரத்தையும் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பீடோர் கல்யாண வீட்டில் அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்தபின், அக்கா கேட்டாள்.

"எப்டிடி வந்த? வாந்தி எடுக்கலியா?"

நான் முந்திக்கொண்டேன். சமதளத்துக்கு வந்ததும் என் தைரியமும் திரும்பியிருந்தது. "நான்தான் மெதுவா ஓட்டியாந்தேன், அதான் ஒண்ணும் ஆகல" என்றேன்.

"கண்ணாடிய எறக்கிக்கிட்டு வந்தேங்க்கா" என்றாள் அவள். என்மேல் கோபமே இல்லாத குரல். அக்கா நீட்டிய பூவைத் தலையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "அம்மா சாவுக்கு வரும்போதே பஸ்ஸுல இவர்கிட்ட கேட்டேன், அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறங்கன்னு. பனி அடிக்கும்னு மூடிட்டாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்த ஜன்னலை இழுத்து மூடி, இடுக்கில் என் கைக்குட்டையை மடித்துச் செருகியதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அவள் கேட்டது மட்டும் நினைவில் இல்லை.