பாறைமேல் இருந்த சித்தப்பா

கால் வைத்து ஏறக் கல் இடுக்கில் அடித்து இறுகிப்போன மரமுளையை அசைத்து அசைத்துப் பிடுங்கும்போது ஒரு சத்தம் வரும். கிறீச்சென்று ஆரம்பித்து, முளை விடுபடும்போது 'டொக்' என்று முடியும். அப்பாவை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் எனக்கு அந்தச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. பாறையில் ஒட்டிக்கொண்டு, கீழே உள்ள முளையில் கால் வைத்து, மேலே உள்ளதைப் பிடுங்கிக்கொண்டு அவர் இறங்கி வருவார். அடியில் நின்று அண்ணாந்து பார்த்து எனக்குக் கழுத்து வலிக்கும்.

மலாயாவில் கோலா கெத்தில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது இருந்தோம். ஜப்பான்காரன் வந்த பிறகு பால் மரம் வெட்டுவது நின்றுபோயிற்று. அரிசி கிடையாது. குடியிருந்த லயத்துக்குப் பின்னால் எல்லாரும் மரவள்ளிதான் நட்டார்கள். அதற்கு எரு வேண்டுமே. தோட்டத்தை ஒட்டிய காட்டுக்குள் ஒரு சுண்ணாம்புப் பாறை உண்டு. அதன் பாதி உயரத்தில் உள்ள குகையில் வௌவால் எச்சம் குவிந்து கிடக்கும். அப்பாவைப் போன்ற சிலர் ஏறிச் சாக்கில் அள்ளிக் கயிற்றில் இறக்குவார்கள். அம்மாவும் மற்றப் பெண்களும் கீழே நின்று வாங்கிச் சுமப்பார்கள்.

அந்தப் பாறையில் ஏறுகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. கல்லின் விளிம்பை உடைக்கக்கூடாது, பிடிமானமான வேரை வெட்டக்கூடாது, கடைசியாக இறங்குகிறவர் எல்லா முளைகளையும் பிடுங்கிக்கொண்டு வரவேண்டும். விட்டுவைத்த முளை ஈரத்தில் உளுத்துப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது. அதை நம்பி ஒருவர் கால் வைத்து விழுந்து செத்ததற்குப் பிறகு வந்த பழக்கம் என்று சொல்வார்கள். ஒவ்வொரு இடுக்குக்கும் அளவாகச் செதுக்கிய முளைகளை அப்பா ஏறும் வரிசையிலேயே கயிற்றில் கோத்து, பாறையடியில் ஒரு பொந்தில் வைத்திருப்பார்.

சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது, அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கல்யாணமாகாத இளைஞர். அப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் பிடித்தார்கள். அப்பா அவரைக் குகைக்கு ஏற்றிவிட்டார். குகைக்குள் தண்ணீர் சொட்டும் இடம் ஒன்று இருந்தது. அவித்த கிழங்கை இரண்டொரு நாளைக்கு ஒருமுறை அப்பா கொண்டுபோய்க் கொடுப்பார். இறங்கும்போது வழக்கம்போல முளைகளைப் பிடுங்கிவிடுவார். அதனால் வேறு யாரும் மேலே ஏற முடியாது. சித்தப்பாவும் தானாக இறங்க முடியாது.

"அண்ணே, என்னை மறந்துடாதீங்கலா" என்று சித்தப்பா மேலிருந்து கேலியாகக் கத்துவார்.

"மறந்துட்டா வௌவாலுக்கு மாப்பிள்ளையா இரு" என்பார் அப்பா. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு நாள் காலை, பேர் கூப்பிடும் பிரட்டு நேரத்தில் ஆள் பிடிக்க லாரி வந்தது. எங்கள் வீட்டுக்கு ஓர் ஆள் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சித்தப்பாவின் பேரைக் கூப்பிட்டார். "அவன் ஓடிட்டான்யா, எங்க போனான்னு தெரியாது" என்றார் அப்பா. அப்படியானால் நீ ஏறு என்றார்கள். தம்பியை எப்படியாவது இறக்கிவிடு, முளை பொந்தில் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல அவருக்கு வழியில்லை. சுற்றிலும் காதுகள். அம்மாவைப் பார்த்தார், காட்டுப் பக்கம் பார்த்தார், மறுபடியும் அம்மாவைப் பார்த்தார். லாரி போய்விட்டது.

அம்மா யாரிடமும் உதவி கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஆண்கள் முக்கால்வாசிப் பேர் அதே லாரியில் போயிருந்தார்கள். மீதிப் பேரில் யார் ஒரு படி அரிசிக்காகக் காட்டிக்கொடுப்பார்கள் என்று தெரியாது. மறுநாள் விறகுக்குப் போவதுபோல் என்னைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனாள். பொந்திலிருந்து முளைக் கயிற்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சேலைக்குப் பதிலாக அப்போது உடுத்தியிருந்த சாக்குத் துணியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினாள். அவள் அந்தப் பாறையில் அதற்கு முன் ஒரு அடிகூட ஏறியதில்லை.

"பேசாம உக்காரு. என்ன நடந்தாலும் கத்தாத" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

இடுக்கை விரலால் தடவிப் பார்ப்பாள். முளையைச் செருகிக் கட்டையால் அடிப்பாள். ஆட்டிப் பார்த்து அதில் கால் வைப்பாள். பாதியில் ஒரு முளை பொருந்தவில்லை. ஒரு கையில் தொங்கிக்கொண்டு அவள் அழுவது எனக்குக் கேட்டது. அதற்குள் சித்தப்பாவின் தலை மேலே தெரிந்தது.

"அண்ணி! நீங்களா? எடது கைக்கு மேல பாருங்க, அதுலதான் அந்த முளை. அண்ணன் எங்க அண்ணி?"

"கிழங்கு வெட்டப் போயிருக்காரு. நீ கீழ எறங்கு மொதல்ல."

சித்தப்பாவை முன்னால் இறங்கவிட்டு அவள் கடைசியாக இறங்கினாள், ஒவ்வொரு முளையாகப் பிடுங்கிக்கொண்டு. "அத விட்டுட்டு வாங்க அண்ணி, விழுந்துடப் போறீங்க" என்று சித்தப்பா கீழே நின்று கெஞ்சினார்.

"நாளைக்கு எவ பெத்த புள்ளையாவது ஏறித் தொலைச்சா?" என்றாள் அம்மா. தரையில் கால் வைத்த பிறகுதான் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். சித்தப்பா பாறையில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

புக்கிட் செலம்பாவில் ஒரு சொந்தக்காரர் தோட்டத்தில் ஒளிந்திருந்து அவர் பிழைத்துக்கொண்டார். சண்டை முடிந்து சயாமிலிருந்து ஆட்கள் திரும்பியபோது, ரயில் வரும் நாளெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய் நின்றார். கடைசியில் எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் எலும்பும் தோலுமாக வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்தார். அப்பா காய்ச்சலில் போய்விட்டாராம். சொல்லத் தயங்கித் தயங்கி அவர் சொன்னார்: "கடைசி வரைக்கும் ஒரே பேச்சுத்தான் தங்கச்சி. 'முளை கீழ கெடக்குது, என் தம்பி மேல கெடக்கான். பசியில செத்துருப்பான், நானே கொன்னுட்டேன்'னு. நாங்க என்ன சொல்லியும் கேக்கல."

அம்மா அழுதாள். சித்தப்பா அழவில்லை. எழுந்து காட்டுக்குள் போனார். பயந்துபோய் நான் பின்னாலேயே ஓடினேன். பாறையடியில் நின்று மேலே பார்த்து, நரம்பு புடைக்க, "அண்ணே, நான் எறங்கிட்டேன்! எறங்கிட்டேன் அண்ணே!" என்று கத்தினார். குரல் கம்மிப்போகும் வரைக்கும் கத்தினார். வௌவால்கள் கலைந்து பறந்தன. வேறு ஒன்றும் நடக்கவில்லை.

சித்தப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. அந்தக் காட்டை இன்று பூங்காவாக்கிவிட்டார்கள். போன மாதம் என் மகன் தன்னைவிட மூத்த நண்பன் ஒருவனோடு அங்கே பாறை ஏறப் போனபோது என்னையும் கூட்டிப்போனான். கலர் கலராகக் கயிறு, இடுப்புக்குப் பட்டை, கை வழுக்காமலிருக்க வெள்ளைப் பொடி. கல்லில் பட்ட பொடியைக்கூடப் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள். எதையும் விட்டுவிட்டுப் போகக்கூடாதாம். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். எனக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் முதலில் இறங்கினான். கால் தரையில் பட்டதும் அண்ணாந்து, "அண்ணே, எறங்கிட்டேன்!" என்று குரல் கொடுத்தான்.

"சரிடா தம்பி!" என்று மேலிருந்து உடனே பதில் வந்தது.